பதற்றமான நாட்களில் கைபேசிக்கு வரும் செய்தியைச் சரிபார்ப்பது எப்படி

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் பிட்டும் தேங்காய்ப்பூவுமாக அடுத்தடுத்து அமைந்துள்ளன. தமிழ் ஊரான ஆரையம்பதியில் எழும் கதை முஸ்லிம் ஊரான காத்தான்குடியை அடைய நேரம் எடுப்பதில்லை. ஆனால் அந்தக் கதையை விசாரித்து அறியக்கூடிய மனிதர்களும் அதே அளவு அருகில்தான் இருக்கிறார்கள்.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் நடந்ததை நாம் மறக்கவே கூடாது. முஸ்லிம் உணவகம் ஒன்றில் கறிக்குள் கிடந்த மாக்கட்டியை மலட்டு மாத்திரை என்று ஒருவர் கூச்சலிட, கூட்டம் சூழ்ந்துகொண்டது. சிங்களம் சரிவரத் தெரியாத தமிழ் பேசும் ஊழியரை மிரட்டிக் கேள்வி கேட்டார்கள். அவர் திணறிச் சொன்ன அரைகுறைப் பதில் காணொளியாகி, குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டத்தின் திகனையிலும் வன்முறை வெடித்து, நாடு அவசரகால நிலைக்குள் சென்றது. கறியில் இருந்தது வெறும் மா என்று அரச பகுப்பாய்வாளர் அறிவித்தார். ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரையே கிடையாது என்று மருத்துவர்களும் விளக்கினார்கள். எரிந்த கடைகளுக்கு அந்த விளக்கத்தால் என்ன பயன்?

ஆகவே ஒரு காணொளி வந்தால், அதை எடுத்தவர் யார், கேள்வி எந்த மொழியில் கேட்கப்படுகிறது, பதில் சொல்பவருக்கு அம்மொழி விளங்குகிறதா, தொடக்கம் வெட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடைப் பலகை, வாகன இலக்கத்தகடு, சீருடை ஆகியவை இடத்தைக் காட்டிக்கொடுக்கும். நமது பகுதியின் பெருமழை ஐப்பசி முதல் தை வரை பெய்வது. ஆடி மாதத்தில் “இன்று நடந்தது” என்று வரும் காணொளியில் வீதியெங்கும் வெள்ளம் நின்றால் அது பெரும்பாலும் பழையது. படமென்றால் கூகுள் லென்ஸில் தேடுங்கள். பெயரும் இடமும் சொல்லாத குரல் பதிவுகளை நம்ப வேண்டாம். “இது உண்மையா?” என்று கேட்பதற்காகக்கூடக் குழுவில் போடாதீர்கள், அதுவும் பரப்புவதுதான்.

அடுத்து, சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் ஊரில் உள்ளவரை, இயன்றவரை மற்றச் சமூகத்தைச் சேர்ந்தவரை, நேரடியாக அழையுங்கள். கேட்கும் விதம் மிக முக்கியம். “உங்கட ஆக்கள் அடிச்சிட்டாங்களாமே” என்று தொடங்கினால் சண்டைதான் மிஞ்சும், “நானா, உங்கட சந்தியில இப்ப கடையெல்லாம் திறந்திருக்கா?” என்று முஸ்லிம் அண்ணன் ஒருவரிடம் கேட்டால் கண்ணால் கண்டது பதிலாக வரும்.

பொய்யென்று உறுதியானால், அந்தப் பொய்யைத் திரும்ப எழுதாமல், “சந்தியில் கடைகள் திறந்திருக்கின்றன, இப்போதுதான் பேசினேன்” என்பதுபோல் உண்மையை மட்டும் குழுவில் எழுதுங்கள். உண்மையென்றால் 119க்கு அறிவியுங்கள். காயப்பட்டவர்களின் முகங்களைப் பகிராதீர்கள். இன, மத வெறுப்பைப் பரப்பி வன்முறையைத் தூண்டுவது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பத்தாண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அத்தகைய பதிவைத் திகதியும் அனுப்பியவரின் இலக்கமும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷொட் எடுத்துப் பொலிஸில் முறையிடுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், வாசித்து விளங்காமல் கையொப்பமிடாதீர்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அதிகாரிகளே உரிமையை மீறினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவை 1996 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஒரு மாதத்துக்குள் முறையிடுவது அவசியம், ஏனெனில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு செய்வதற்கும் அதுவே காலவரையறை.

2018, 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. எனவே ஊர் அமைதியாக இருக்கும் இப்போதே கிராம உத்தியோகத்தர், கோயில், பள்ளிவாசல், தேவாலய நிருவாகிகள், பக்கத்து ஊர் ஆசிரியர் ஒருவர் ஆகியோரின் தொலைபேசி இலக்கங்களைத் தாளில் எழுதி, வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள்.