தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கு ஒரு லாரி சிமுலேட்டர்: புதிதாகத் தொடங்கும் மாணவர்களுக்கான செய்முறை

தருமபுரியைத் தாண்டிச் சேலம் பக்கம் போகும் லாரிகள் தேசிய நெடுஞ்சாலை 44இல் தொப்பூர் கணவாய் வழியாக இறங்குகின்றன. அங்குள்ள இரட்டைப் பாலத்தின் பெயரை விபத்துச் செய்தியில் படிக்காதவர்கள் நம் மாவட்டத்தில் அநேகமாக இல்லை. திரும்பத் திரும்பச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவது ஒன்று, டாப் கியரிலேயே பிரேக்கை மிதித்துக்கொண்டு இறங்குவது இன்னொன்று. பயிற்சிக்கான சிமுலேட்டர் ஆராய்ச்சியில் கால் வைக்கும் பர்கூர், செட்டிக்கரை பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முதல் திட்டம் கிடைப்பது கடினம். சாலை பக்கத்திலேயே இருக்கிறது. லாரி ஓட்டுநர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

தேவையானவை: தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள ஒரு கணினி, 27 அங்குல மானிட்டர் ஒன்று, மூன்று பெடல் கொண்ட ஸ்டியரிங் செட் (லாஜிடெக் ஜி29 போன்றது, கியர் லீவர் தனியாக வாங்க வேண்டும்), யூபிஎஸ், அசையாத நாற்காலி. மென்பொருள்கள் எல்லாம் இலவசம்: க்யூஜிஐஎஸ் (வரைபடத் தரவுக்கு), கோடோ (கேம் உருவாக்கும் மென்பொருள்), லிப்ரே ஆபிஸ் (இதன் கால்க் அட்டவணைக் கணக்குக்கு). விஆர் ஹெட்செட் இப்போது வேண்டாம். ஏன் என்பது படி 5இல் வருகிறது.

படி 1: எதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"லாரி ஓட்டக் கற்றுக்கொடுப்பது" என்று எழுதினால் திட்டம் முடியவே முடியாது. இப்படி எழுதுங்கள்: "இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, சரியான கியரைப் போட்டுவிட வேண்டும்." இந்த ஒரு முடிவைப் பாதிக்கும் விஷயங்கள் மட்டும் சிமுலேட்டரில் துல்லியமாக இருந்தால் போதும். சாலையின் சரிவு, பிரேக் டிரம்மின் (சக்கரத்தோடு சுழலும் இரும்பு உருளை, பிரேக் பிடிப்பது இதில்தான்) சூடு, கியருக்கும் வேகத்துக்கும் உள்ள கணக்கு, இந்த மூன்றுதான் அவை. மரம், பாறை, டோல்கேட் எல்லாம் சுமாராக இருந்தால் போதும். முதல் முறை செய்பவர்கள் ஒரு மாதத்தை மலையை அழகாக வரைவதில் கழித்துவிட்டு, பிரேக்கை மட்டும் மென்பொருளில் வருகிறபடியே விட்டுவிடுகிறார்கள். அந்தப் பிரேக் எத்தனை முறை மிதித்தாலும் சூடாகாது. அதில் பழகுகிற ஓட்டுநர் தவறான பாடத்தைக் கற்றுக்கொண்டு போவார்.

படி 2: சாலையின் சரிவை எடுப்பது

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடத்திலிருந்து அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு சுமார் 30 மீட்டர் இடைவெளியில் இலவசமாகக் கிடைக்கிறது. இஸ்ரோவின் புவன் தளத்தில் கார்ட்டோடெம் என்ற உயரத் தரவு இருக்கிறது. ஏதாவது ஒன்றைப் பயன்படுத்தலாம். தருமபுரி நகரம் 12 டிகிரி அட்சரேகைக்கு வடக்கிலும் தொப்பூர் அதற்குத் தெற்கிலும் இருப்பதால், எஸ்ஆர்டிஎம்மில் இரண்டு கட்டங்களை இறக்கி ஒட்ட வேண்டியிருக்கும்.

க்யூஜிஐஎஸ்ஸில் மீட்டர் கணக்குக்கு மாற்றும்போது யூடிஎம் (பூமியைப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) மண்டலம் 44 வடக்கு (எண் 32644) என்று தேர்ந்தெடுங்கள். ஓசூர் சாலையையும் பிறகு செய்ய நினைத்தால் கவனம்: 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே மண்டலம் 43 ஆகிவிடும். இரண்டையும் கலந்தால் சாலை இடம் மாறிப் போகும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத் தளத்திலிருந்து சேலம் நோக்கிய தடத்தை மட்டும் எடுங்கள். இரு திசைகளும் தனித்தனிக் கோடுகளாக இருக்கும். 10 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் எடுத்து, லிப்ரே கால்க்கில் சரிவைக் கணக்கிடுங்கள்.

வரைபடம் ரம்பப் பல் மாதிரி வந்தால் பயப்பட வேண்டாம். 30 மீட்டர் தூரத்துக்குள் 5 மீட்டர் உயரப் பிழை இருந்தாலே சுமார் 17 சதவீதப் பொய்ச் சரிவு வந்துவிடும். 300 மீட்டர் நீளத்துக்கு நகரும் சராசரி எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். அதற்குப் பிறகும் எங்காவது 7 சதவீதத்தைத் தாண்டினால் தரவைச் சந்தேகப்படுங்கள், நெடுஞ்சாலையை அவ்வளவு செங்குத்தாகப் போடுவது அரிது.

சராசரி எடுத்தும் சரியாகாத இடம் பாலம். இந்தத் தரவு தரையின் உயரத்தைச் சொல்கிறதே தவிர, பாலத்தின் மேல் ஓடும் சாலையைச் சரியாகக் காட்டாது. பள்ளத்தின் உயரம் வந்து, லாரி குழிக்குள் இறங்கி ஏறுவது போல் ஆகிவிடும். பாலத்தின் இரு முனைப் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு, நடுவில் இருப்பவற்றை அழித்துவிட்டு நேர்கோடாக இணைக்கவும். வேலையின் முழுப் பயனும் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பதால், இதைக் கையால் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

படி 3: பிரேக் சூடாகும் கணக்கு

கோடோவில் சாலையை ஒரு பாத்3டி வளைவாக வைத்து, லாரியை அதன்மேல் எத்தனை மீட்டர் வந்திருக்கிறது என்ற ஒரே எண்ணால் நகர்த்துங்கள். ஸ்டியரிங் தடத்துக்குள் இடம் வலம் விலகுவதற்கு மட்டும். கோடோவிலேயே வரும் வாகன இயற்பியலை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். நமக்கு வேண்டிய வெப்பக் கணக்கு அதில் கிடையாது.

கணக்கைச் சரிபார்க்க ஒரு சோதனைச் சரிவு வைத்துக்கொள்வோம்: 4 சதவீதம், 6 கிலோமீட்டர். இது தொப்பூரின் அளவு அல்ல, சமன்பாடு சரியா என்று பார்க்க மட்டுமே. லாரி 10 டயர் (மூன்று ஆக்சில், ஆறு பிரேக் டிரம்), மொத்த எடை 25 டன்.

கீழே இழுக்கும் விசை: 25,000 × 9.81 × 0.04, அதாவது சுமார் 9,800 நியூட்டன். டயர் உருளும் தடை (குணகம் 0.007) 1,700. மணிக்கு 40 கிலோமீட்டரில் காற்றுத் தடை சுமார் 475. மீதி ஏறக்குறைய 7,600 நியூட்டனை யாராவது தாங்கியாக வேண்டும். நியூட்ரலில் இறங்கினால் அது முழுக்க பிரேக்கின் தலையில் விழுகிறது. நொடிக்கு 11.1 மீட்டர் வேகத்தில் அது 84 கிலோவாட்டுக்கு மேல். 1 கிலோவாட் இஸ்திரிப் பெட்டிகள் எண்பதுக்கு மேல் ஆறு டிரம்களுக்குள் எரிவதற்குச் சமம்.

ஒரு டிரம் 45 கிலோ என்று வைத்தால் ஆறும் சேர்ந்து 270 கிலோ வார்ப்பிரும்பு. கிலோவுக்கு 460 ஜூல் என்றால், ஒரு டிகிரி ஏற 124 கிலோஜூல் வேண்டும். ஓடும் வண்டியில் காற்று எடுத்துச் செல்லும் வெப்பம், வெளிக்காற்றைவிட எத்தனை டிகிரி கூடுதலோ அத்தனை முறை 126 வாட் என்று வையுங்கள். நின்ற வண்டிக்கு அதை 25 ஆகக் குறையுங்கள். கொஞ்ச நேரம் ஓரம் கட்டினால் ஆறிவிடும் என்ற நம்பிக்கை ஏன் தப்பு என்று இந்த ஒரு எண் காட்டிவிடும்.

ஒவ்வொரு படியிலும், அதாவது நொடிக்கு 60 முறை, செய்ய வேண்டியது இதுதான்: பிரேக் விசையை வேகத்தால் பெருக்கி, ஆறும் வெப்பத்தைக் கழித்து, 1,24,000ஆல் வகுத்து, 60ஆல் வகுத்து, வெப்பநிலையோடு கூட்டுங்கள்.

வெளிக்காற்று 35 டிகிரி, டிரம் 80 டிகிரியில் தொடங்கி, நியூட்ரலில் சீராக 40இல் இறங்கினால், 9 நிமிட முடிவில் உங்கள் நிரல் 344 டிகிரிக்கு அருகில் காட்ட வேண்டும். பெரிதாக மாறினால் எங்கோ கிலோமீட்டரையும் மீட்டரையும் குழப்பியிருக்கிறீர்கள்.

அடுத்து லைனிங்கின் (டிரம்மை உரசிப் பிடிக்கும் பட்டை) பிடிப்பு. உராய்வுக் குணகம் 200 டிகிரி வரை 0.38, அங்கிருந்து 400 டிகிரிக்குள் நேர்கோடாக 0.20 வரை இறங்கட்டும். 344 டிகிரியில் 0.25 வரும். அதாவது அதே மிதிக்கு மூன்றில் இரண்டு பங்கு பிரேக்தான் கிடைக்கும். உண்மையில் டிரம்மும் விரிகிறது: 410 மில்லிமீட்டர் விட்டம் உள்ள இரும்பு 300 டிகிரி சூடேறினால் விட்டம் சுமார் 1.35 மில்லிமீட்டர் கூடும், ஒவ்வொரு பக்க லைனிங்கும் அதில் பாதி தூரம் கூடுதலாக நகர வேண்டும். தொடக்கத்தில் இதை விட்டுவிடலாம்.

ஆனால் ஒன்றை விடக் கூடாது. ஏர் பிரேக் லாரியில் பெடல் காலுக்கு எதுவும் சொல்லாது. காற்றழுத்தம் இருக்கும்வரை மிதி ஒரே மாதிரிதான் இருக்கும், பிடிப்புதான் போயிருக்கும். ஆகவே சூடானதும் பெடலைத் தளர்த்திக் காட்டுவது, திரையைச் சிவப்பாக்குவது போன்ற உதவிகளைச் சேர்க்காதீர்கள். ஓட்டுநருக்குத் தெரியாமலேயே பிரேக் குறைவதுதான் நாம் காட்ட வேண்டிய உண்மை.

இப்போது இன்ஜின். எக்ஸாஸ்ட் பிரேக்கோடு (புகை போகும் வழியை அடைத்து இன்ஜினால் வேகம் குறைப்பது) சேர்த்து இன்ஜின் இழுவை 400 நியூட்டன் மீட்டர், பின் ஆக்சில் விகிதம் 6, டயர் ஆரம் அரை மீட்டர் என்று வைத்தால் கியர்வாரியாக இப்படி வரும்: டாப்பில் (1.0) 4,800 நியூட்டன், அதற்குக் கீழே (1.4) 6,720, அதற்கும் கீழே (2.2) 10,560. நடுக்கியரில் இறங்கினால் பிரேக்குக்கு 900 நியூட்டன் மட்டுமே மிச்சம். அதே 6 கிலோமீட்டரின் முடிவில் டிரம் 94 டிகிரி. 344 எங்கே, 94 எங்கே!

கடைசிக் கியரைப் பாருங்கள். 40 வேகத்தில் அதைப் போட்டால் இன்ஜின் 2,800 சுற்றுக்குப் போய்விடும். 2,500க்கு மேல் கியர் விழாது என்று நிரலில் தடை வையுங்கள். வேகம் பிடித்த பிறகு அந்தக் கியர் கிடைக்காது, உச்சியிலேயே 30க்குக் குறைத்திருந்தால்தான் கிடைக்கும். படி 1இல் எழுதிய வரி சிமுலேட்டருக்குள் உயிர்பெறுவது இந்தத் தடையால்தான்.

படி 4: பெடலும் கேமராவும்

ஜி29 போன்ற பெடல்கள் பல கணினிகளில் தலைகீழாக எண் தரும்: விட்டிருந்தால் 1, முழுதாக மிதித்தால் கழித்தல் 1. எனவே பிரேக் அளவு என்பது 1இலிருந்து அந்த எண்ணைக் கழித்து 2ஆல் வகுத்தது. இதில் ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது. பெடலை முதல்முறை தொடும்வரை கோடோ 0 என்றே படிக்கும். சூத்திரத்தில் போட்டால் பாதி பிரேக்! யாரும் மிதிக்காமலே டிரம் சூடாகிக்கொண்டிருக்கும். தொடக்கத் திரையில் "மூன்று பெடலையும் ஒருமுறை முழுதாக மிதித்து விடுங்கள்" என்று போட்டு, அது நடந்த பிறகே ஓட்டத்தைத் தொடங்குங்கள்.

கேமராவின் பார்வைக் கோணம் கோடோவில் இயல்பாகச் செங்குத்துக் கணக்கில் 75 டிகிரி. 27 அங்குல மானிட்டரின் உயரம் சுமார் 33.6 சென்டிமீட்டர். 70 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கண்ணுக்குச் சரியான செங்குத்துக் கோணம் 27 டிகிரிதான். 75இலேயே விட்டால் வேகம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். வேகத்தைக் கணிப்பதே பாடமாக இருக்கும் இடத்தில் இது பெரிய பிழை. நாற்காலிக்குத் தரையில் டேப் ஒட்டிக் குறியிடுங்கள்.

படி 5: ஆட்களை உட்கார வைப்பதற்கு முன்

கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதியும் தமிழில் எழுதிய ஒப்புதல் படிவமும் கட்டாயம்.

திரை நகர்கிறது, உடல் நகரவில்லை. இந்த முரண்பாட்டால் குமட்டல் வரும். அனுபவசாலிகளுக்கே கூடுதலாக வருவதை விமானச் சிமுலேட்டர்களில் முன்பே கவனித்திருக்கிறார்கள், லாரி ஓட்டுநர்களிடமும் எதிர்பாருங்கள். ஹெட்செட்டில் இது இன்னும் கூடும், அதனால்தான் முதலில் மானிட்டர். ஓட்டம் 10 நிமிடம், ஓய்வு 15 நிமிடம், அறையில் மின்விசிறி.

அளப்பதற்கு கென்னடியும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட 16 அறிகுறிக் கேள்வித்தாள் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. தமிழாக்கத்தில் நேரம் செலவிடுங்கள். தலைச்சுற்றல் அதில் கண் திறந்திருக்கும்போது, கண் மூடியிருக்கும்போது என்று இரண்டாகக் கேட்கப்படுகிறது. நிமிர்ந்திருக்கிறோமா சாய்ந்திருக்கிறோமா என்ற தடுமாற்றம் மூன்றாவதாகத் தனியே வருகிறது. மூன்றுக்கும் "கிறுகிறுப்பு" என்று எழுதினால் மூன்றுக்கும் ஒரே பதில்தான் வரும். "தலை கனமாக இருக்கிறதா", "வயிற்றில் ஏதோ செய்கிறதா" என்று பேச்சுமொழியில் கேளுங்கள். வேறொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்க்கச் சொல்லி ஒப்பிடுங்கள். மொத்த மதிப்பெண்ணுக்கு மூன்று பிரிவுகளின் (குமட்டல், கண் சோர்வு, நிலைத் தடுமாற்றம்) பெருக்காத கூட்டுத்தொகைகளைச் சேர்த்து 3.74ஆல் பெருக்க வேண்டும். பிரிவு மதிப்பெண்ணுக்காக ஏற்கெனவே முறையே 9.54, 7.58, 13.92ஆல் பெருக்கியவற்றை மறுபடி பெருக்குவது அடிக்கடி நடக்கும் தவறு.

வந்தவர் பெரும்பாலும் டூவீலரில் வந்திருப்பார். முடிந்ததும் குறைந்தது அரை மணி நேரம் உட்கார வைத்து, மறுபடி கேட்டு, அறிகுறி அடங்கிய பிறகே வண்டிச் சாவியை எடுக்கச் சொல்லுங்கள். அடங்காவிட்டால் ஆட்டோ வைத்து அனுப்புங்கள், அந்தச் செலவைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

படி 6: பயிற்சியும் சோதனையும்

முதல் முயற்சிக்கு 24 பேர். சீட்டுக் குலுக்கி 12, 12 ஆகப் பிரியுங்கள். இரு குழுவும் தொப்பூர் இறக்கத்தை நான்கு முறை ஓட்டட்டும். ஒரு குழுவுக்கு மட்டும் ஒவ்வொரு ஓட்டமும் முடிந்த பிறகு டிரம் வெப்பநிலை வரைபடத்தைக் காட்டுங்கள். ஓடும்போதே காட்டக் கூடாது. காட்டினால் சாலையை விட்டு முள்ளைப் பார்த்து ஓட்டப் பழகிவிடுவார்கள், நிஜ லாரியில் அந்த முள் கிடையாது.

சோதனை ஓட்டம் வேறு சரிவில் நடக்க வேண்டும். உச்சியை இடம் மாற்றி, நடுவில் 500 மீட்டர் சமதளம் வைத்து, மறுபடி இறங்கும்படி செய்யுங்கள். பழைய சாலையிலேயே சோதித்தால் மனப்பாடத்தைத்தான் அளப்பீர்கள்.

நொடிக்கு 10 முறை இவற்றைப் பதியுங்கள்: நேரம், தூரம், வேகம், கியர், இன்ஜின் சுற்று, பிரேக் அளவு, டிரம் வெப்பநிலை. யூபிஎஸ் இருந்தாலும் ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் கோப்பில் எழுதிவிடுங்கள். ஓட்டம் முடிந்தபின் எழுதலாம் என்று நினைவகத்தில் வைத்திருந்தால் ஒரு மின்வெட்டில் ஒருவரின் முழுத் தரவும் போய்விடும்.

ஒப்பிட வேண்டிய முதன்மை அளவு ஒன்றே ஒன்று: உச்சிக்கு 200 மீட்டர் முன்பு என்ன கியரில், என்ன வேகத்தில் இருந்தார். இதைத் தரவு சேர்க்கும் முன்பே எழுதித் தேதி போட்டு வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். அதிகபட்ச வெப்பநிலை இரண்டாவது அளவு. 24 பேரின் முடிவை வைத்து "விபத்து குறையும்" என்று எழுத முடியாது. "சிமுலேட்டரில், வேறொரு சரிவில், கியரை முன்கூட்டியே மாற்றினார்கள்" என்பதுதான் எழுதக்கூடிய எல்லை. அதை நிஜ லாரியில் பார்க்க ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றும், ஜிபிஎஸ் பொருத்திய வண்டியும், பக்கத்தில் பயிற்றுநரும் வேண்டும். அடுத்த ஆண்டு மாணவர்கள் அதை எடுத்துச் செய்யும்படி நிரல், சரிவுக் கோப்பு, தமிழ்க் கேள்வித்தாள், நாற்காலிக்கும் திரைக்கும் இடைப்பட்ட தூரம் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வைத்துவிடுங்கள்.