தேசிய சுகாதாரக் காப்பீட்டுக்கு நிதி ஆதாரம் வகுப்பது எப்படி?

குடிமக்கள் அனைவருக்கும் சுகாதாரக் காப்பீடு அளிக்க நிதி வழி தேடுபவர், வரி விகிதங்களைப் பார்ப்பதற்கு முன்பு, நாட்டின் உழைப்பாளர்களில் எத்தனை பேர் சம்பளச் சீட்டு வாங்குகிறார்கள் என்பதைக் கணக்கெடுக்க வேண்டும். 1883-இல் பிஸ்மார்க் ஆட்சியில் ஜெர்மனி தொடங்கிய முறை, தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கட்டும் சந்தாவையே நம்பியது. நம் இ.எஸ்.ஐ. (ஊழியர் அரசுக் காப்பீடு) பிடித்தமும் அந்த வகைதான்: மாத ஊதியம் 20,000 ரூபாய் என்றால், தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடாக 150 ரூபாய், நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடாக 650 ரூபாய். இதே கணக்கைத் தெருவில் கீரை விற்பவருக்குப் போட்டுப் பார்த்தால், எந்த ஊதியத்தில், யார் பிடிப்பது என்பதற்கே விடை கிடைக்காது.

அந்த இடைவெளியை விருப்பச் சந்தாவால் நிரப்ப முயல வேண்டாம். தாய்லாந்து 1980-களிலிருந்து குடும்பங்களுக்குச் சுகாதார அட்டை விற்றுப் பார்த்தது. நோயாளி உள்ள வீடுகள் ஆர்வத்துடன் வாங்கின, மற்றவர்கள் பொறுத்திருந்தார்கள். 2002-இல் அட்டையைக் கைவிட்டு, வேறு காப்பீடு இல்லாத அனைவரின் செலவையும் பொது வரியிலிருந்து ஏற்ற பிறகே அந்தச் சிக்கல் தீர்ந்தது.

சம்பளப் பிடித்தம் எட்டாத நாட்டில், பல ஊற்றுகளைச் சேர்ப்பதே நடைமுறைக்கு ஒத்தது என்பது என் கருத்து. அதற்குக் கானாவைப் பார்க்கலாம். 2003-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே, பொருள்கள், சேவைகள் மீது 2.5 விழுக்காடு தனி வரியும், சம்பளப் பதிவுள்ள முறைசார் ஊழியர்களின் சமூகப் பாதுகாப்புச் சந்தாவிலிருந்து ஊதியத்தின் 2.5 விழுக்காட்டுக்கு ஈடான தொகையும் காப்பீட்டு நிதியத்துக்கு உரியவை. முறைசாராத் துறையினர் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கட்டுகிறார்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் 70 வயதைக் கடந்தவர்களுக்கும் அதுவும் இல்லை. வருவாயில் பெரும்பகுதி தனி வரியிலிருந்தே வருகிறது. நுகர்வு வரி ஏழையையும் தொடும் என்பதால், எந்தெந்த உணவுப் பொருள்களுக்கு விலக்கு என்பதைச் சட்டம் இயற்றும்போதே பட்டியலிட்டுவிட வேண்டும். புகையிலை, மது வரிகளைக் கூடுதல் வரவாக மட்டும் எண்ணுங்கள். அவை நோக்கத்தில் வெற்றி பெற்றால் வசூல் குறையக்கூடும்.

வரைவுகளில் பெரும்பாலும் விடுபடுவது, வசூலான பணம் கருவூலத்திலிருந்து நிதியத்துக்கு நகரும் வழி. பெயரிட்டு ஒதுக்கிய வரியும் முதலில் பொதுக் கணக்கில்தான் விழுகிறது. பற்றாக்குறை வந்தால் நிதியமைச்சகம் அதில் கை வைக்கும். கானாவிலேயே 2017-இல் வந்த ஒரு சட்டம், இப்படி ஒதுக்கப்பட்ட நிதிகளின் மொத்தத்துக்கு வரி வருவாயில் 25 விழுக்காடு என உச்ச வரம்பு விதித்தது. ஆகவே, எத்தனை நாளுக்குள் தொகை மாற்றப்பட வேண்டும், தவறினால் என்ன வட்டி, வரம்பு விதிக்க யாருக்கு அதிகாரம் என்பவற்றை மூலச் சட்டத்திலேயே எழுதுங்கள். மாற்றம் தள்ளிப்போனால் மருத்துவமனையின் பில்கள் தேங்கும். காப்பீட்டு அட்டையுடன் வந்தவரிடம், மருந்தை வெளிக்கடையில் வாங்கி வரும்படி சீட்டு எழுதிக் கொடுப்பார்கள்.