குதிகால் வலிக்கு ஷாக்வேவ்: என் அனுபவம்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தாலே குதிகாலில் ஆணி குத்தியது போல இருக்கும். கொஞ்சம் நடந்தால் குறையும். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலை எனக்கு. எட்டு மாதம் மாத்திரை, சிலிக்கான் குதிகால் பேட், ஒத்தடம் என்று ஓட்டினேன். பாதத்தின் அடிச்சவ்வில் பாதிப்பு, பிளான்டார் ஃபேசியைட்டிஸ் என்றார் டாக்டர்.

அதற்கு ஷாக்வேவ் சிகிச்சை என்று அவர் சொன்னதும் கரண்ட் வைப்பார்கள் என்று பயந்துவிட்டேன். கரண்டே இல்லை, அது அழுத்த அலை. சிறுநீரகக் கல்லை உடைக்க 1980-இல் மியூனிக்கில் முதலில் பயன்படுத்திய முறையிலிருந்து வந்தது.

பிசியோதெரபிஸ்ட் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, நான் "ஆ" என்ற இடத்தில் பேனாவால் புள்ளி வைத்தார். ஜெல் தடவி, துப்பாக்கி மாதிரி இருந்த கருவியை வைத்ததும் டகடகவென்று அடி விழுந்தது. மொத்தம் 2000 அடி, நாலைந்து நிமிடம். ஆரம்பத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது, அப்புறம் பழகிவிட்டது. வாரம் ஒருமுறையாக நான்கு முறை.

அந்த வாரங்களில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வேண்டாம் என்றார்கள். சிகிச்சை தூண்டிவிடும் ஆறும் வேலையை அது தடுத்துவிடலாமாம். கர்ப்பிணிகளும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நான்காவது முறை முடிந்தும் வலி இருந்தது. காசு வீண் என்று அழுகையே வந்தது. சவ்வு ஆற நேரம் எடுக்கும், கெண்டைக்கால் நீட்டும் பயிற்சியை விடாதீர்கள் என்றார் பிசியோதெரபிஸ்ட். சரி என்று தினமும் சுவரைப் பிடித்துச் செய்தேன். மூன்றாவது மாதம் ஒருநாள், அடுப்படிக்குப் போய்ப் பால் பாத்திரத்தை வைத்த பிறகுதான் உறைத்தது: நொண்டாமல் நடந்து வந்திருக்கிறேன்.