மாயநாட்டுக்கு வரைபடம்: நீலகிரியை அளவுகோலாக வைத்து வரைவது எப்படி

ஃபேன்டஸி நாவலுக்கு வரைபடம் போடும்போது தப்பு பெரும்பாலும் மூன்று இடங்களில் வரும்: ஆறு, மழை, நடைநேரம். மூன்றையும் சரிபார்க்க நீலகிரி வசதியான மலை. மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் 326 மீட்டர் உயரம், தொட்டபெட்டா 2,637 மீட்டர். இந்த இரண்டுக்கும் நடுவில் பாக்குத்தோப்பு முதல் உறைபனி வரை எல்லாம் வந்துவிடும். மலையைப் பெயர் மாற்றி அப்படியே வரைய வேண்டாம். அதன் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

‘தி ஹாபிட்’, ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவல்களை எழுதிய டோல்கியனும் இப்படித்தான் செய்தார். 1911-ல், 19 வயதில், சுவிட்சர்லாந்து மலைகளில் நடந்தார். தன் கதையில் வரும் மலைப்பயணத்துக்கு அந்த நடைதான் மூலம் என்று பிற்பாடு கடிதத்தில் எழுதினார்.

முதலில் தாள். 200 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் தாள் ஏ3 அளவில், 2பி பென்சில், 0.1, 0.3, 0.5 மி.மீ. நீர்புகா மைப் பேனாக்கள், டிரேசிங் தாள் போதும். ஜூன் முதல் நவம்பர் வரை மலையில் காற்றே ஈரம். சாதாரண ஊற்றுப்பேனா மை நூல்நூலாகப் பரவும், டிரேசிங் தாள் நெளியும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் குழாயில், இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு சுருட்டி வையுங்கள். வெளியில் பென்சில் மட்டும். மை வேலை வீட்டுக்கு வந்து.

அளவு: 1 செ.மீ. = 2 கி.மீ. ஏ3 தாளில் 84-க்கு 59 கி.மீ. அடங்கும். பரப்பில் இது நீலகிரி மாவட்டத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதல் நாவலுக்கு இது தாராளம். கண்டம் கண்டமாக வரைகிறவர்கள் நடுவில் வெற்றிடம் விட்டு, அதில் ‘பெருங்காடு’ என்று எழுதி முடித்துக்கொள்கிறார்கள். வாசகருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

மலையை முக்கோணம் முக்கோணமாகப் போடாதீர்கள். சம உயரக் கோடு, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு, 300 மீட்டருக்கு ஒன்று. 300-இல் தொடங்கினால் 2,400 வரை எட்டுக் கோடு. நீலகிரியின் உருவம் கூம்பு அல்ல, மேடை. விளிம்பில் கோடுகள் நெருக்கியடிக்கும், மேலே விலகி அகலும். படையெடுத்து வருகிறவனுக்கு விளிம்புதான் தலைவலி. மேலே ஏறிவிட்டால் புல்வெளியும் சோலையும் மாறிமாறி வரும் நடக்கக்கூடிய நிலம். கோத்தகிரி பக்கத்துக் கோடநாடு காட்சிமுனையில் காலையில் நின்றால் இந்த விளிம்பும் கீழே மாயாற்றுப் பள்ளமும் ஒரே பார்வையில் கிடைக்கும். மதியத்துக்கு மேல் பெரும்பாலும் மூடுபனிதான் மிஞ்சும்.

ஆறு வரைவதற்கு முன் காற்றுக்கு அம்புக்குறி போடுங்கள். மழை அதைப் பொறுத்தது. தென்மேற்குப் பருவக்காற்று கூடலூர், நடுவட்டம் பக்கம் மோதி ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு முக்கிய மழை அக்டோபர், நவம்பரில், வடகிழக்கிலிருந்து. வடக்கே மசினகுடி மழை மறைவில் கிடப்பதால் முட்காடு. ஒரே மலைக்கு இரண்டு மழைக்காலம், ஒரு வறள்நிலம். உங்கள் நாட்டில் மேற்குக்காரன் நாற்று நடும்போது கிழக்குக்காரன் வானம் பார்த்திருப்பான். வரிச்சண்டைக்கும் தானியக் களவுக்கும் வேறு காரணம் தேட வேண்டாம்.

இனி ஆறு. ஆறுகள் சேரும், கீழே போகப்போகப் பிரிவது கழிமுகத்தில்தான். முக்குறுத்திப் பக்கம் பிறக்கும் பைக்காரா, மாயாறாகிக் கிழக்கே ஓடிப் பவானியில் கலக்கிறது. உங்கள் ஆற்றை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள்: ஒவ்வொரு சம உயரக் கோட்டையும் ஒரே ஒரு முறைதான், உயரத்திலிருந்து தாழ்வுக்குத்தான் கடக்க வேண்டும். திரும்ப ஏறினால் அழித்துவிடுங்கள். ஏரிக்கு வெளியேறும் வாய் ஒன்றுதான். அந்த ஏரி எப்படி வந்தது என்பதையும் கேளுங்கள். ஊட்டி ஏரி 1820களில் அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடையை மறித்து உண்டாக்கியது. எமரால்டு, அவலாஞ்சி நீர்ப்பரப்புகள் அணை கட்டித் தேக்கியவை. உங்கள் மலையுச்சியில் ஏரி இருந்தால், கரை கட்டியவன் யார், எந்த ஊர் மூழ்கியது என்பதற்கும் பதில் வேண்டும். சில சமயம் நாவலே அங்கிருந்து கிளம்பும்.

நடைநேரத்துக்கு நெய்ஸ்மித் விதி: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயில்பாதையை வைத்துப் பார்ப்போம். 46 கி.மீ. தூரம், ஏற்றம் ஏறக்குறைய 1,880 மீட்டர். தூரத்துக்கு 9.2 மணி, ஏற்றத்துக்கு 3.1 மணி, ஆக 12 மணிக்குச் சற்று மேல். இது ஓய்வில்லாத, சுமையில்லாத, நல்ல பாதை நடை. மூட்டை, மழை, குழந்தை என்றால் ஒன்றரையால் பெருக்குங்கள்; இரண்டு பகல் ஆகிவிடும், படை என்றால் மூன்று. மலை ரயிலுக்கே ஏறுவதற்கு ஏறக்குறைய 5 மணி நேரம் பிடிக்கிறது. குதிரையில் ‘ஒரே மூச்சில்’ உச்சிக்குப் போகும் வீரனை இந்தக் கணக்கு இறக்கிவிடும்.

வண்டிப்பாதைக்குச் சாய்வும் பார்க்க வேண்டும். கல்லாறு–குன்னூர் இடையே 12.5-க்கு 1 என்ற சாய்வுக்கே (12.5 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம்) ரயிலுக்குப் பல்தண்டவாளம், அதாவது என்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் தண்டவாளம், தேவைப்பட்டது. ஆகவே ஏறும் உயரத்தை 12.5-ஆல் பெருக்கி வருவதைப் பாதையின் குறைந்தபட்ச நீளமாக வையுங்கள்: 600 மீட்டர் ஏற 7.5 கி.மீ. நேர்தூரம் 2 கி.மீ. மட்டுமே என்றால் பாதையை மடிக்க வேண்டும். கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது இதனால்தான். ஒற்றையடிப்பாதை நேராக ஏறலாம், ஆனால் அதில் சக்கரம் போகாது.

குளிருக்கு 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி குறையுங்கள். அடிவாரத்தில் 32 என்றால் ஊட்டி உயரத்தில் 20. பயிர் இதைத் தொடர்ந்து வரும்: கீழே பாக்கு, நடுவில் காபியும் மிளகும், மேலே தேயிலை, உருளைக்கிழங்கு. உறைபனி மட்டும் தலைகீழ். டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர்காற்று கனத்து இறங்கித் தலைகுந்தா போன்ற பள்ளங்களில் தேங்கும். கூடாரத்தைப் பள்ளத்தில் போட்டவன் விறைப்பான், நடுச்சரிவில் போட்டவன் பிழைப்பான்.

ஊர்களைக் கடைசியில் வையுங்கள். யார் எதைக் கொடுத்து எதை வாங்குகிறார்கள் என்று ஒரு பட்டியல் போதும். நீலகிரியில் வாழும் மக்களான தோடரின் எருமைப்பால், கோத்தரின் இரும்பும் பானையும், படகரின் தானியம், குறும்பரின் காட்டுத்தேன் என்று இங்கே நடந்த பண்டமாற்றைப் படித்துவிட்டு, உங்கள் மக்களுக்கு வேறு நான்கு பண்டம் கொடுங்கள். இவர்களுடைய தெய்வங்களையும் சடங்குகளையும் அப்படியே தூக்கி வைப்பது சோம்பேறித்தனம். இங்கே வாழ்கிறவர்களுக்கு அது வலிக்கவும் செய்யும்.

நிலவுக்குத் தனித்தாள். 29.5 நாளுக்கு ஒரு முழுநிலவு என்று கதையின் முதல் நாளிலிருந்து எண்ணி எழுதுங்கள். நிலவு கணக்குக்கு ஒத்துவராததால் டோல்கியன் 1944-ல் சில அத்தியாயங்களைத் திருத்த வேண்டியிருந்தது. நீண்ட காலக் கதைக்கு 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி நல்ல கடிகாரம். 2006, 2018 என்று பூத்தது போல உங்கள் நாட்டிலும் ஒரு செடி இருக்கட்டும்.

நேரில் பார்க்க வருகிறவர்கள் வெளிமாவட்ட வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் நடக்கக் கூடாது. வரைவதற்குச் சாலையோரக் காட்சிமுனைகளே போதும்.