தளவாய்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாயக்கர் காலத்தைப் பற்றிப் புதிதாக எழுத வருகிறவர்கள் பலரும் தளவாய் என்ற இந்த ஒரு பதவிப்பெயரில்தான் சறுக்குகிறார்கள். சின்னச் சின்ன எழுத்துப்பிழைகளை விட்டுவிடலாம். மற்றவை பொருளையே கெடுத்துவிடுகின்றன.

தலை அல்ல, தளம்

தளம் என்றால் படை. தளபதி, தளகர்த்தர் என்பவற்றில் இருப்பதும் அதுதான். 'தலைவாய்' என்று மாற்றாதீர்கள். கன்னடத்தில் தளவாயி, திருவிதாங்கூரில் தளவா.

தளவாய் என்றாலே படைத்தலைவரா?

மன்னிக்க முடியாத தவறு இதுதான். சொல்லைக் கண்டதும் 'படைத்தளபதி' என்று எழுதி நகர்ந்துவிடுகிறார்கள். அந்த அரசு எப்படி நடந்தது என்பதே மறைந்துபோகிறது.

மதுரையில் தளவாய் படையோடு நாட்டு நிர்வாகத்தையும் கவனித்தவர். விசுவநாத நாயக்கரின் தளவாய் அரியநாத முதலியாரே பிரதானியும்கூட, அதாவது முதன்மை அமைச்சர். 72 பாளையங்கள் ஏற்பாட்டை அவர் பெயரோடு சேர்த்துத்தான் சொல்கிறோம். மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டப வாசலில் அவர் குதிரைமேல் இருக்கும் சிலையை மட்டும் வைத்து அவரை வெறும் போர்வீரராக்கிவிடுவது அநியாயம்.

மைசூர்க் கதை வேறு. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அரசர் பெயருக்குத்தான் இருந்தார். தேவராஜர் தளவாய், தம்பி நஞ்சராஜர் சர்வாதிகாரி (இன்றைய பொருளில் அல்ல; அது ஓர் உயர் அமைச்சர் பதவி). 1752இல் ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கு உதவத் திருச்சிக்குப் படையோடு வந்தவர் நஞ்சராஜர். 'படை நடத்தியவர், ஆகவே தளவாய்' என்று கணக்குப் போட்டால் அண்ணன் பதவி தம்பிக்குப் போய்விடும்.

திருவிதாங்கூரில் தளவா என்பவர் தலைமை அமைச்சர். 1809இல் கும்பினிக்கு (கிழக்கிந்தியக் கம்பெனிக்கு) எதிராகக் குண்டறை அறிவிப்பை வெளியிட்ட வேலுத்தம்பி வகித்தது அந்தப் பதவியைத்தான். கலகத்துக்குத் தலைமை தாங்கியதால் அவரைச் சேனாபதி என்று எழுதுவது பிழை.

ஆகவே எந்த அரசு, எந்த ஆண்டு என்று முதலில் பாருங்கள். அதே ஆவணத்தில் பிரதானி, ராயசம் (அரசரின் எழுத்தர்), சர்வாதிகாரி என்று யாரெல்லாம் வருகிறார்கள் என்பதையும் குறித்துக்கொண்ட பிறகே பொருள் எழுதுங்கள்.

பதவியா, பெயரா?

திருமலை நாயக்கரின் தளவாய் இராமப்பையன். அவர் படையெடுத்துச் சென்றது இராமநாதபுரத்தை ஆண்ட சடைக்கத் தேவர்மேல்; அந்தத் தேவருக்கோ 'தளவாய் சேதுபதி' என்றே பெயர். இந்தப் போரை எழுதும்போது 'தளவாய் வென்றார்' என்று மொட்டையாக விட்டால் வாசிப்பவர் யாரென்று எடுத்துக்கொள்வார்? ஒவ்வோர் இடத்திலும் ஆளின் பெயரைச் சேர்த்தே எழுதுங்கள்.

சோழர் காலம்

அங்கே படைத்தலைவருக்குச் சேனாபதி, தண்டநாயகம் என்ற பெயர்கள்தான். தளவாயைக் கொண்டுபோய் நுழைக்காதீர்கள்.