பழைய மாணவருக்கு விருது: வன்னியில் திரும்பத் திரும்ப விடப்படும் பிழைகள்

ஒலிவாங்கி இடையில் நின்றது, மாலை ஒன்று குறைந்தது, பிரதம விருந்தினர் பிந்தி வந்தார் என்பவை எந்த விழாவிலும் நடப்பவை. இரண்டு நாளில் மறந்துபோகும். தொழிலில் உயர்ந்த பட்டதாரிகளையும் ஊருக்கு உழைத்தவர்களையும் தெரிவுசெய்து கௌரவிக்கும்போது பல்கலைக்கழகப் பழைய மாணவர் சங்கங்கள் விடுகிற பிழைகள் அப்படியல்ல. அவை கேடயத்தில் பொறிக்கப்பட்டு வீட்டுச் சுவரில் ஏறிவிடும். புதிதாகத் தெரிவாகிற ஒவ்வொரு செயற்குழுவும் அதே இடங்களில்தான் சறுக்குகிறது.

எது வன்னி என்று எழுதாமல் விடுவது

"வன்னியைச் சேர்ந்த பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம்" என்று அறிவித்தல் போடுவார்கள். தேர்தல் மாவட்டக் கணக்கில் வன்னி என்பது வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மட்டும். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் வருகிறது. ஆனால் கிளிநொச்சியை விட்டுவிட்டு வன்னி என்று இங்கே யாரும் பேசுவதில்லை. நான்கு மாவட்டத்தையும் பெயர் சொல்லி எழுதுங்கள். பிறந்தவரா, படித்தவரா, வேலை செய்தவரா என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். "இவற்றில் ஏதாவது ஒன்று போதும், வேலை என்றால் ஆகக்குறைந்தது பத்து வருடம்" என்பது சண்டை குறைந்த விதி. வெளி மாவட்டத்திலிருந்து ஆசிரியராக வந்து முழங்காவிலிலோ நெடுங்கேணியிலோ முடி நரைத்தவரை, பிறந்த இடம் வேறு என்று தள்ளிவிடக்கூடாது.

பட்டத்தைத் தந்தது யார்?

வவுனியா வளாகம் 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கீழ் அமைந்தது. தனிப் பல்கலைக்கழகமானது 2021 ஓகஸ்ட் 1 இல். ஆகவே 2005 இல் பட்டம் பெற்ற ஒருவரைப் பாராட்டுரையில் "வவுனியாப் பல்கலைக்கழகப் பட்டதாரி" என்று வாசித்தால், அன்றைக்கு இல்லாத பல்கலைக்கழகத்தில் அவரைப் படிக்கவைத்ததாகிவிடும். "யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், வவுனியா வளாகம்" என்பதே சரி. மூத்தவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். யாழ்ப்பாண வளாகம் 1974 இல் தொடங்கியபோது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம்தான். 1979 இல்தான் அது தனிப் பல்கலைக்கழகம். விவசாய பீடம் 1990 இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரில் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் நடந்து, பிறகுதான் கிளிநொச்சி அறிவியல்நகருக்குத் திரும்பியது. "கிளிநொச்சியில் பயின்றவர்" என்று பொதுப்படையாக எழுதினால் இடையில் வந்த அணிகள் முகம் சுளிக்கும். படித்த ஆண்டை வைத்து ஊகிக்காமல் சான்றிதழின் பிரதியைப் பார்த்து எழுதுங்கள்.

சாதனையையும் சேவையையும் ஒரே புள்ளித்தாளில் போடுவது

எல்லாப் பிழையிலும் இதுதான் விலை கூடியது. எத்தனை தரம் சொன்னாலும் அடுத்த வருடம் அதே தாள் மேசைக்கு வருகிறது.

விருதின் பெயர் "தொழில்சார் சாதனைக்கும் சமூக சேவைக்குமான விருது" என்று இருக்கும். தாள் ஒன்று, மொத்தம் 100 புள்ளி. தொழிலுக்கு 60, சேவைக்கு 40 என்று பிரிப்பார்கள். கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். இரண்டு பேரை வைத்துப் போட்டுப் பாருங்கள். ஒருவர் வெளிநாட்டில் பெரிய நிறுவனத்தில் பொறியியலாளர், ஊர்ப் பாடசாலைக்கு ஒருமுறை கணினி வாங்கிக் கொடுத்தவர். தொழிலுக்கு 54, சேவைக்கு 8, மொத்தம் 62. மற்றவர் ஒட்டுசுட்டான் பக்கத்தில் கணித ஆசிரியை. பாடசாலை விட்ட பின்பு பன்னிரண்டு வருடமாகக் காசு வாங்காமல் வகுப்பு எடுக்கிறவர். சேவைக்கு 38, தொழிலுக்கு 22, மொத்தம் 60. விருது பொறியியலாளருக்கு. அவர் திறமைசாலிதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேடையில் "சமூக சேவைக்காக" என்று வாசிப்பது அவர் பெயரை. சேவையில் 40 க்கு 38 எடுத்தவர் கீழே கதிரையில் இருந்து கைதட்டுவார்.

யாரும் ஏமாற்றவில்லை, தாள்தான் அப்படிச் செய்தது. பதவியையும் பட்டத்தையும் எண்ணலாம், அதனால் புள்ளி தாராளமாக விழும். சேவைக்குக் கடிதத்தலைப்பு கிடையாது. அது எப்போதும் ஊகத்தில் போடப்படுவதால் குழுவின் கை இறுகிவிடும். 60க்கு 40 என்பதை 50க்கு 50 ஆக்கினாலும் இந்தச் சாய்வு முழுதாகப் போகாது.

இதன் பின்னாலேயே காசு வரும். விழாச் செலவுக்குச் சங்கம் கை நீட்டும், பெரிய தொகை தருகிறவர் சேவைப் புள்ளியில் ஏறிவிடுவார். இரண்டு வருடம் இப்படி நடந்தால் போதும், விருதின் விலை என்ன என்று ஊர் தானாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். பிறகு உண்மையாக உழைக்கிற ஆளை முன்மொழியச் சொன்னால், "அவருக்கு ஏன் அந்த மரியாதைக்கேடு" என்பார்கள். அதற்குப் பிறகு வரும் விண்ணப்பம் எல்லாம் தங்களைத் தாங்களே முன்மொழிந்தவர்களுடையதாகத்தான் இருக்கும். இந்த இடத்துக்கு வந்த விருதை மீட்பது கடினம். பெயரை மாற்றிப் புதிதாகத் தொடங்குவதே மேல்.

செய்யவேண்டியது இதுதான். இரண்டு விருது, இரண்டு தாள், ஒவ்வொன்றும் 100க்கு. ஒரு தாளின் புள்ளியை மற்றதோடு கூட்டவே கூடாது. நன்கொடையாளருக்கு மூன்றாவதாக ஒரு நன்றிப் பத்திரம், விருது என்ற சொல்லே அதில் இல்லாமல். அந்த வருட விழாவுக்குக் காசு தந்தவர் அந்த வருடம் எந்த விருதுக்கும் தகுதியில்லை என்று சங்கத்தின் யாப்பிலேயே எழுதிவிடுங்கள்.

சேவைத் தாளைத் தொடர்ச்சிக்கு 40, பயனுக்கு 30, சம்பளக் கடமைக்கு அப்பால் செய்ததற்கு 20, தான் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்படி செய்ததற்கு 10 என்று பிரிக்கலாம். ஐந்து வருடத் தொடர்ச்சி இல்லாவிட்டால் தாளைத் திறக்கவே வேண்டாம். கடமை எது, சேவை எது என்பதில் குழுக்கள் அடிக்கடி தடுமாறும். வைத்தியர் ஆஸ்பத்திரி விடுதியில் பார்த்த நோயாளர் எல்லாம் தொழில் தாளுக்குரியவர்கள். விடுமுறை நாளில் மாந்தை கிழக்குக்குப் போய் மாதாமாதம் பார்த்தவர்கள் சேவைத் தாளுக்குரியவர்கள்.

சேவையைச் சரிபார்க்க ஒருவராவது நேரில் போகவேண்டும். வட்ஸ்அப்பில் வந்த படம் சான்றாகாது. பொதி கொடுக்கிற கையும் வாங்குகிற முகமும் எல்லாப் படத்திலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். கிராம அலுவலர் ஒருவர், அதிபர் அல்லது கமக்காரர் அமைப்புச் செயலாளர் ஒருவர், பயன் பெற்றவர் ஒருவர் என மூன்று பேரைத் தனித்தனியாகச் சந்தியுங்கள். "நல்லவரா?" என்று கேட்காதீர்கள், யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். "கடைசியாக எப்ப வந்தவர்? அவர் வராத கிழமை என்ன நடந்தது?" என்று கேளுங்கள். வகுப்பு என்றால் வரவு இடாப்பு இருக்கும், குளத்து வேலை என்றால் கூட்டக் குறிப்பு இருக்கும். ஒரு பக்கத்தைப் படம் எடுத்துக் கோப்பில் வையுங்கள்.

தொழில் தாளிலும் ஒரு பொறி உண்டு. பதவிக்குப் புள்ளி போட்டால் வயதுக்குப் போட்டதாகிவிடும். ஆள் என்ன செய்து முடித்தார் என்பதை, அவருடைய அலுவலகத்தில் இல்லாத, அதே துறை தெரிந்த இருவரிடம் கேளுங்கள். விழா மண்டபத்தில் போர்த்திக்கொடுக்கிற "கௌரவ கலாநிதி"களுக்குப் புள்ளி பூச்சியம்.

தெரிவுக்குழு உறுப்பினருக்கே விருது

கூடாது. வாழ்க்கைத்துணைக்கும் கூடாது.

ஆங்கிலத்தில் மட்டும் இணையப் படிவம்

முகநூலில் இணைப்பைப் போட்டுவிட்டுப் பதினான்கு நாள் தவணை கொடுத்தால் கொழும்பும் ரொறன்ரோவும் நிரப்பி அனுப்பும், துணுக்காய் அனுப்பாது. இரண்டு பக்கத் தாள், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வேண்டும். வவுனியா வளாகத்தில் படித்த சிங்களப் பட்டதாரிகளைச் சங்கங்கள் வசதியாக மறந்துவிடுகின்றன. பிரதேச செயலகம், வலயக்கல்வி அலுவலகம், கமநல சேவை நிலையம் ஆகியவற்றின் அறிவித்தல் பலகைகளில் ஆறு கிழமையாவது இருக்கட்டும்.

"அமரர்" என்று அவசரப்பட்டு எழுதுவது

இறந்த பின் வழங்கும் விருதுக்குத் தனி விதி வேண்டும். இங்கே அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட பட்டதாரி ஒருவரின் பெயர் வந்தால், அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் குடும்பத்தோடு நேரில் பேசுங்கள். அவர்கள் வாயிலிருந்து வராமல் "அமரர்", "மறைந்த" என்ற சொற்களைப் போடாதீர்கள். படத்துக்கு மாலை போடுவதா, விளக்கு வைப்பதா என்பதும் அவர்கள் முடிவு. பதினைந்து வருடத்துக்கு மேலாகத் தேடிக்கொண்டிருக்கும் தாயை மேடைக்குக் கூப்பிட்டு, மகனின் படத்துக்கு மாலை போடச் சொல்வதைப் பிழை என்று மட்டும் சொல்லிவிட முடியாது, அது கொடுமை.

நாள் குறிப்பது

கார்த்திகை, மார்கழி வேண்டாம். மாரியில் நந்திக்கடல் நிரம்பினால் வட்டுவாகலில் பாதைக்கு மேலால் தண்ணீர் பாயும், புதுக்குடியிருப்புக்காரர் முல்லைத்தீவுக்குச் சுற்றித்தான் வரவேண்டும். தை கடைசி தொடங்கி பங்குனி வரை காலபோக நெல் வெட்டு. மே 18, போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாள்; அதை ஒட்டிய நாட்களில் மாலையும் மேளமும் ஆகாது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நாளையும், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவையும் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சம் என்று பார்த்தால் யூன் நடுவிலிருந்து யூலை முடிய, பிறகு செப்டெம்பர். அதிலும் சனிக்கிழமை முற்பகலே உசிதம்.

கேடயத்தில் பெயர்

தகப்பனார் சின்னத்தம்பி என்றால் முதலெழுத்து "சி." ஆகவேண்டும். ஆங்கில எழுத்தைப் பார்த்து "எஸ்." என்றோ "ச." என்றோ கடைக்காரர் தானே போட்டுவிடுவார். பெயரைக் கைப்பட எழுதி வாங்கி, அச்சுப்படியில் கையொப்பமும் வாங்கிய பிறகு ஓடர் கொடுங்கள்.

மேடை

பொன்னாடை விருது பெறுபவருக்கு மட்டும். வந்திருக்கிற அரசியல்வாதிகளுக்கும் போர்த்தத் தொடங்கினால் முற்பகல் போய்விடும். பாராட்டுரை நூற்றைம்பது சொல்லைத் தாண்டாமல் இருக்கட்டும், ஒன்றரை நிமிடத்தில் வாசித்துவிடலாம். ஒரு கிழமைக்கு முன் உரியவருக்கு அனுப்பித் திருத்தம் கேளுங்கள். "கல்விமான், பண்பாளர், பெருந்தகை" எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, எந்தக் கிராமம், எத்தனை வருடம், என்ன வேலை என்று எழுதினாலே நீளம் சரியாக வரும். விருது பெறுபவர் பேச மூன்று நிமிடம் ஒதுக்கி, அதைப் பிரதம விருந்தினரின் உரைக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் நேரமில்லை என்று வெட்டுப்படுவது அதுதான். தூரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவருக்கு வாகனச் செலவை முதல் நாளே கொடுங்கள், விழா முடிந்து காசாளரைத் தேடி அலையவிடாதீர்கள்.