லூசியா காலைக்குப் பிள்ளையைத் தயார் செய்வது எப்படி? (ஸ்வீடனுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு)

நவம்பர் கடைசியில் ஃபோர்ஷ்கூலா (இங்கத்து மழலையர் பள்ளி) கதவில் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். டிசம்பர் 13 லூசியா, ஊர்வலம் இத்தனை மணிக்கு, உடை வீட்டிலிருந்து கொண்டுவரவும். அவ்வளவுதான். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது போதும். வந்து குடியேறிய நமக்கு, என்ன உடை, யார் அந்த லூசியா, அங்கே போய் என்ன செய்ய வேண்டும், ஒன்றும் பிடிபடாது. முதல் வருடம் நானும் திருதிருவென்று விழித்தேன். இது எங்களுக்கு ஐந்தாவது லூசியா. நான் தடுக்கி விழுந்த இடங்களில் நீங்களும் விழ வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

லூசியா அரசு விடுமுறை இல்லை. சிசிலித் தீவில் சிராகூஸ் நகரத்துப் புனிதை ஒருவரின் நாள். ஆனால் அவர் கதையை இங்கே யாரும் அதிகம் பேசிக் கேட்டதில்லை. பேச்செல்லாம் வெளிச்சத்தைப் பற்றித்தான். பழைய ஜூலியன் நாட்காட்டிக் கணக்கில் ஆண்டின் மிக நீண்ட இரவு இதுதான் என்று வைத்திருந்தார்கள். அன்றிரவு பேய் பிசாசு உலவும், ஆடு மாடு பேசும் என்று கிராமங்களில் நம்பினார்கள். 1753-இல் ஸ்வீடன் நாட்காட்டியை மாற்றிக்கொண்டது. பண்டிகை மட்டும் 13-ஆம் தேதியை விட்டு நகரவில்லை. வெள்ளை அங்கி லூசியாவைப் பற்றி இங்கே கிடைக்கும் முதல் குறிப்பு 1764-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, வேஸ்டர்யோட்லாந்துப் பக்கம் ஒரு பண்ணை மாளிகையில். 1927-இல் ஸ்டாக்ஹோம் செய்தித்தாள் ஒன்று நகரத்துக்கென்று ஒரு லூசியாவைத் தேர்ந்தெடுத்து ஊர்வலம் விட்டது. இன்று பார்க்கும் ஊர்வலம் ஊர் ஊராகப் பரவியது அதற்குப் பிறகுதான். தெரிந்துகொள்ள இது போதும். வேலைக்கு வருவோம்.

படி 1: வேடத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்

லூசியாவுக்கு வெள்ளை அங்கி, இடுப்பில் சிவப்புப் பட்டை, தலையில் மெழுகுவத்திக் கிரீடம். அவள் பின்னால் வரும் தோழிகளுக்கு தேர்னா என்று பெயர். அதே வெள்ளை அங்கி, தலையிலும் இடுப்பிலும் பளபளக்கும் வெள்ளிச் சரம். நட்சத்திரப் பையன்களுக்குக் கூம்புத் தொப்பி, கையில் குச்சியில் செருகிய நட்சத்திரம். டொம்தெ என்கிற கிறிஸ்துமஸ் குட்டிச்சாத்தான் வேடம் என்றால் உடம்பெல்லாம் சிவப்பு, கையில் சின்ன லாந்தர். பெப்பர்காக்கா என்கிற இஞ்சி பிஸ்கட் வேடத்துக்குப் பழுப்பு உடை.

ஒரே ஒரு லூசியாதான் இருக்க வேண்டும் என்று நினைத்துக் கவலைப்படாதீர்கள். சின்னப் பிள்ளைகள் ஊர்வலத்தில் நாலைந்து லூசியா வருவது சாதாரணம். பையன் லூசியாவாக வந்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மூன்று வயதுக்குக் கீழே என்றால் என் ஓட்டு டொம்தெவுக்குத்தான். உடை கதகதப்பாக இருக்கும், தலையில் எதுவும் கனக்காது, கழுத்தில் சரம் குத்தவும் குத்தாது.

படி 2: அங்கியை இரண்டு அளவு பெரிதாக வாங்குங்கள்

இங்கே பிள்ளைகள் உடைக்கு அளவு என்பது உயரம்தான், சென்டிமீட்டரில். மகள் அப்போது 98. நானும் கணக்காக 98 அங்கி வாங்கி, இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டிருந்தேன். ஊர்வலம் வெளி முற்றத்தில், அதுவும் பனியில் என்பதை அன்று காலைதான் கவனித்தேன். அப்படியென்றால் தடித்த பனி உடுப்பைப் போட்டு அதன் மேல்தான் அங்கி. தலை நுழைந்தது, தோள் நுழையவில்லை. இழுத்த இழுப்பில் அக்குளில் தையல் விட்டது. ஊக்கு குத்தி அனுப்பினேன். ஊர்வலம் முழுக்க அவள் வலது கையைத் தூக்காமலே நடந்தாள்.

ஊர்வலம் உள்ளேயா வெளியேயா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 98 பிள்ளைக்கு 110 வாங்கினால் அடுத்த வருடமும் ஓடும். நீளம் தரையில் புரண்டால் நாலு தையல் மடித்துவிடலாம்.

கிரீடம், கைவிளக்கு இரண்டும் பேட்டரியில் எரிவதாகவே இருக்கட்டும். அங்கியும் சரமும் நெருப்பு பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். நிஜ மெழுகுவத்திக் கிரீடமெல்லாம் பெரியவர்களுக்கே ஆபத்து. வீட்டுக்கு வந்ததும் பேட்டரி போட்டுப் பாருங்கள். சில கிரீடங்களில் பேட்டரி மூடியைத் திறக்கவே குட்டி ஸ்க்ரூடிரைவர் வேண்டும். காலை ஏழு மணிக்கு அதைத் தேடி வீட்டைக் கவிழ்க்க வேண்டியிருக்காது.

படி 3: இருட்டில் நடந்து பழக்குங்கள்

ஊர்வலத்தில் பிள்ளைகள் அழுவதற்குப் பாட்டு தெரியாதது காரணம் இல்லை. விளக்கை அணைத்தவுடன் எதிரே ஐம்பது பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துத்தான் அழுகை வருகிறது. ஒரு வாரம், தினமும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, கைவிளக்கோடு படுக்கையறையிலிருந்து அடுப்படி வரை மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். நாற்காலியில் பொம்மைகளை உட்காரவைத்தால் அதுதான் கூட்டம். லூசியா பாட்டின் மெட்டு இத்தாலியில் நேப்பிள்ஸிலிருந்து வந்தது, தாலாட்டு போல அசைந்து போகும். வார்த்தை வராவிட்டால் முனகினாலே போதும்.

பிள்ளை இன்னும் ஃபோர்ஷ்கூலா சேரவில்லையா? பக்கத்தில் 'ஓப்னா ஃபோர்ஷ்கூலா' எங்கே என்று தேடுங்கள். நகராட்சியோ தேவாலயமோ நடத்தும் இடம், பெற்றோர் கூடவே உட்கார வேண்டும், பெரும்பாலும் கட்டணமும் பதிவும் இல்லை. டிசம்பரில் அங்கே பாடும் நேரத்தில் இந்தப் பாட்டுகள்தான் ஓடும்.

படி 4: குங்குமப்பூ பன்

கடையில் கிடைக்கும். இருந்தாலும் வீட்டில் செய்யுங்கள்; பிள்ளைக்கு லூசியா என்றால் நினைவில் தங்குவது இந்த வாசனைதான். லுஸ்ஸெகாட்டர் என்பார்கள். ஏறக்குறைய 20 பன்னுக்கு: அரை கிராம் குங்குமப்பூ, 25 கிராம் ஈரமான ஈஸ்ட், 75 கிராம் வெண்ணெய், இரண்டரை டெசிலிட்டர் பால், 125 கிராம் கெஸெல்லா (தயிர் போன்ற மென்மையான பாலாடைக்கட்டி), ஒரு டெசிலிட்டர் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, ஏழரை டெசிலிட்டர் மைதா, கொஞ்சம் உலர்திராட்சை. டெசிலிட்டர் என்றால் 100 மில்லி. கெஸெல்லா கிடைக்காவிட்டால் துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர் போதும்.

குங்குமப்பூவை அலமாரியில் தேடாதீர்கள். பல கடைகளில் பணம் கட்டும் இடத்தில்தான் வைத்திருப்பார்கள், அரை கிராம் பொட்டலமாக. அதை ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு உரலில் பொடித்து, இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான பாலில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். அப்படியே போட்டால் நிறம் திட்டுத் திட்டாகத்தான் இறங்கும்.

வெண்ணெயை உருக்கிப் பாலை ஊற்றுங்கள். விரலை விட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. அதுதான் 37 டிகிரி. அதில் ஈஸ்டைக் கரைத்து, மற்றதைச் சேர்த்து, மைதாவைக் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பத்து நிமிடம் பிசையுங்கள். மாவு கையில் லேசாக ஒட்டும். சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கை இன்னும் மாவு கேட்கும். கொடுக்காதீர்கள்! இந்த பன்னுக்கு உள்ள ஒரே வியாதி வறண்டுபோவது, அதற்குக் காரணம் அந்தக் கூடுதல் பிடி மாவு.

மூடி வைத்து நாற்பது நிமிடம். பிறகு எலுமிச்சையை விடக் கொஞ்சம் பெரிய உருண்டைகள். ஒவ்வொன்றையும் ஒரு சாண் நீளக் கயிறாக உருட்டி, ஒரு முனையை மேல்நோக்கியும் மறுமுனையை எதிர்ப்பக்கம் கீழ்நோக்கியும் சுருட்டுங்கள். நம் அடுப்படி மொழியில் சொன்னால், முறுக்கு இரண்டு சுற்றோடு நின்றுபோய், பக்கத்தில் இன்னொன்று தலைகீழாக ஒட்டிக்கொண்டது போல. சுருளின் நடுவில் ஒரு திராட்சை. அது பிள்ளையின் வேலை. பாதி வாய்க்குள் போகும், போகட்டும். ஆனால் மீதியை அடி வரை அழுத்தச் சொல்லுங்கள், மேலாக வைத்தால் அடுப்பில் எழும்பிக் கீழே விழுந்துவிடும். இன்னும் அரை மணி நேரம் விட்டு, மேலே முட்டை அல்லது பால் தடவி, 225 டிகிரியில் ஆறிலிருந்து எட்டு நிமிடம். ஐந்தாவது நிமிடத்திலிருந்து அடுப்பை விட்டு நகராதீர்கள். வெளியே எடுத்ததும் துணி போட்டு மூடி ஆறவிடுங்கள்.

இதை முந்தைய சனி ஞாயிறில் செய்து உறையவைத்துவிட்டால் 13-ஆம் தேதி காலை நிம்மதி.

படி 5: அந்தக் காலை

ஸ்டாக்ஹோம் பக்கம் அன்று சூரியன் எட்டரைக்கு மேல்தான் எழும், மூன்று மணிக்கு முன்பே போய்விடும். மார்கழியில் இருட்டோடு எழுந்து வாசல் தெளித்தவர்களுக்கு இது புதிதில்லை, குளிரைத் தவிர. ஏழு மணி வாக்கில் எஸ்விடி தொலைக்காட்சியில் லூசியா நிகழ்ச்சி வரும். வீட்டு விளக்கைப் போடாமல் அதை ஓடவிட்டு, பன்னைச் சூடாக்கிக் கொடுங்கள். ஊர்வலத்துக்கு பிளாஸ்கில் சூடான சாக்லேட் பால், பெற்றோருக்குக் காபி. படம் எடுக்கலாமா என்று ஆசிரியரைக் கேட்டுவிட்டு எடுங்கள். மற்றவர் பிள்ளை முகம் விழுந்த படத்தை எங்கேயும் போடாதீர்கள், இங்கே அதைப் பெரிய தவறாக எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பிள்ளை உங்களைப் பார்த்ததும் ஓடி வந்து மடியில் ஏறிக்கொண்டால், மடியிலேயே இருந்து பாடட்டும்.

பெரிய கொண்டாட்டம் பார்க்க ஆசை என்றால் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் இருக்கிறது, 1891-இல் தொடங்கிய திறந்தவெளி அருங்காட்சியகம். அழகுதான். ஆனால் கூட்டத்தில் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிவது பெரியவர்களின் கோட்டுப் பொத்தான்கள்தான். முதல் வருடத்துக்கு வீட்டுக்குப் பக்கத்துத் தேவாலயத்தில் நடக்கும் ஊர்வலமே போதும்; முன்வரிசையில் இடம் கிடைக்கும், அழுதால் சட்டென்று வெளியே வந்துவிடலாம்.

மிஞ்சிய பன்களில் பத்தை உறைபெட்டியிலேயே விட்டுவையுங்கள். ஜனவரி 13-ஆம் தேதி க்னூட் நாள்; கிறிஸ்துமஸ் மரத்தை வெளியே தூக்கிப் போடும்முன் பிள்ளைகள் அதைச் சுற்றி ஆடுவார்கள், அன்றைக்கும் ஏதாவது தின்னக் கேட்பார்கள்.